ரயில் போகும்போது மாடி அதிர்கிறது: பள்ளம் தோண்டினால் குறையுமா?

கொரட்டூர்_மாடிவீடு:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீடு கொரட்டூரில், சென்னை–அரக்கோணம் பாதையை ஒட்டிய தெருவில் இருக்கிறது. வீட்டின் பின்சுவரிலிருந்து மிக அருகில் உள்ள தண்டவாளம் சுமார் 22 மீட்டர், நடுவில் எங்கள் காம்பவுண்டு, ஒரு கால்வாய், ரயில்வே வேலி. அப்பா கட்டிய வீடு, கீழ்த்தளமும் மாடியும். கீழே இருக்கும்போது ரயில் சத்தம் கேட்குமே தவிர அதிர்வு பெரிதாகத் தெரியாது. மாடி ஹாலில்தான் தொல்லை. மின்சார ரயிலுக்கு லேசாகத்தான் இருக்கும், எக்ஸ்பிரஸுக்கும் பரவாயில்லை, ஆனால் சரக்கு ரயில் வந்தால் ஷோகேஸ் கண்ணாடி கிலுகிலுவென்று ஆரம்பித்துக் கடைசி வேகன் போகும்வரை ஓயாது, தரையில் வெறுங்காலோடு நின்றால் உள்ளங்காலில் உறுமுவது போலத் தெரியும். அம்மாவுக்கு மூட்டு வலி, தூக்கமே அரைகுறை, ராத்திரி கூட்ஸ் போனால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்.

இப்போது மேலே இன்னொரு தளம் எடுக்கப் போகிறோம். கட்டித் தரும் மேஸ்திரி, காம்பவுண்டை ஒட்டி நீளமாக 4 அடி ஆழத்துக்குப் பள்ளம் எடுத்து ஆற்று மணலும் பழைய டயர் துண்டும் போட்டு நிரப்பினால் அதிர்வு அங்கேயே நின்றுவிடும் என்கிறார். மாமா காம்பவுண்டை உயர்த்திக் கட்டச் சொல்கிறார். மச்சான் கட்டில் காலுக்கு அடியில் ரப்பர் வைத்தால் போதும் என்கிறார். எதில் பணம் போடுவது? மண் ஏரிப்பக்கத்துக் களிமண், மழைக்காலத்தில் தோண்டினால் மூன்றாவது அடியிலேயே தண்ணீர் வந்துவிடும். இந்த விஷயம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், அம்மாவுக்காகவாவது இதை ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

---

களிமண்_அலை:

மண் பரிசோதனையும் அஸ்திவாரமும்தான் என் தொழில், அதனால் பள்ளத்தைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

4 அடிப் பள்ளம் வேண்டாம். ரயிலின் அதிர்வு உங்கள் வீடு வரை பெரும்பாலும் ரேலி அலையாக வருகிறது, அது நிலத்தின் மேற்பரப்பை ஒட்டி ஓடும் அலை, ஆனால் மேற்பரப்பு என்றால் மேலே உள்ள ஓர் அடி இரண்டடி மண் அல்ல, ஏறக்குறைய ஓர் அலைநீள ஆழத்துக்கு மண் முழுக்கவே அசைகிறது. இளகிய களிமண்ணில் இந்த அலை நொடிக்குச் சுமார் 100 முதல் 150 மீட்டர் வேகத்தில் ஓடும். 120 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிர்வு நொடிக்கு 30 தடவை, அதாவது 30 ஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 4 மீட்டர். 10 ஹெர்ட்ஸ் என்றால் 12 மீட்டர். இப்போது 4 அடிப் பள்ளத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், 1.2 மீட்டர். அலையின் பெரும்பகுதி அதற்குக் கீழே எந்தத் தடையும் இல்லாமல் கடந்து போய்விடும்.

அமெரிக்காவில் ரிச்சர்ட் உட்ஸ் என்பவர் 1968இல் வெளியிட்ட களச்சோதனை முடிவுகளைத்தான் இன்றைக்கும் இந்தத் துறையில் முதலில் எடுத்துப் பார்ப்போம். அதிர்வைக் கால்வாசியாகக் குறைக்க வேண்டுமானால், அதிரும் இடத்தை ஒட்டியே பள்ளம் வெட்டினால் அலைநீளத்தில் 0.6 மடங்கு ஆழம் வேண்டும், தள்ளி வீட்டுப் பக்கத்தில் வெட்டினால் 1.33 மடங்கு. உங்களுக்கு இரண்டாவது கணக்குதான் பொருந்தும். 30 ஹெர்ட்ஸுக்கே 5.3 மீட்டர், அதாவது 17 அடிக்கு மேல். 10 ஹெர்ட்ஸுக்கு 50 அடியைத் தாண்டும். அதுவும் காலிப் பள்ளமாக இருந்தால்தான். மணல் போட்டு நிரப்பினால் மண்ணுக்கும் மணலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லாததால் அலை அதைக் கண்டுகொள்ளாமல் போகும். டயர் துண்டு மணலைவிட நல்லதுதான், ஆனால் ஆழம் இல்லாத இடத்தில் எதைப் போட்டு நிரப்பினாலும் ஒன்றுதான். நீளமும் போதாவிட்டால் அலை இரண்டு முனைகளையும் சுற்றிக்கொண்டு வந்துவிடும். மழைக்காலத்தில் மூன்றாவது அடியில் தண்ணீர் என்கிறீர்கள், அந்தக் களிமண்ணில் 17 அடி செங்குத்தாகத் தோண்டினால் உங்கள் காம்பவுண்டும் பக்கத்து வீட்டு அஸ்திவாரமும் பள்ளத்துக்குள் சரியும். ரயில்வே எல்லையை ஒட்டி அப்படித் தோண்ட யாரும் அனுமதிக்கவும் மாட்டார்கள்.

காம்பவுண்டை உயர்த்தினால் காற்றில் வரும் சத்தம் குறையும், கீழ்த்தள ஜன்னலுக்கு நல்ல வித்தியாசம் தெரியும். மண் வழியாக வரும் அதிர்வுக்குச் சுவர் உயரத்தால் ஒன்றும் ஆகாது. மரம் நடுவதும் அப்படியே, நிழலுக்கு நடுங்கள்.

மண்ணைச் சரிசெய்து அதிர்வைக் குறைத்த இடங்கள் உலகத்தில் இருக்கின்றன, ஆனால் அங்கெல்லாம் வேலை தண்டவாளத்துக்கு அடியில் நடந்தது. ஸ்வீடனில் லெட்ஸ்கோர்டு என்ற இடத்தில் 1990களின் இறுதியில் எக்ஸ்2000 ரயிலை மணிக்கு 200 கிலோமீட்டர் வரை ஓட்டியபோது பாதையே கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஏறி இறங்கியது. அங்கிருந்த களிமண் அவ்வளவு இளகியது, ரயிலின் வேகம் மண்ணில் அலை ஓடும் வேகத்தை நெருங்கிவிட்டது. முதலில் வேகத்தைக் குறைத்தார்கள், பிறகு பாதைக்கு அடியில் சுண்ணாம்பும் சிமெண்டும் கலந்த தூண்களை மண்ணுக்குள் இறக்கிக் கெட்டிப்படுத்தினார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கும் நாம் செய்யக்கூடிய வேலை அல்ல அது.

அதனால் மேஸ்திரிக்கு அந்தப் பள்ளத்துக்காக ஒரு ரூபாயும் தராதீர்கள்.

---

பழைய_பாதைக்காரர்:

தம்பி, நான் தண்டவாளப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன். மேலே எழுதியவர் மண்ணைப் பற்றிச் சொன்னதெல்லாம் சரி. ஆனால் அதிர்வு எங்கே பிறக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும், பல நேரங்களில் அங்கேயே பாதித் தீர்வு இருக்கும்.

மொட்டை மாடியில் நின்று காது கொடுத்துக் கேளுங்கள். 'டக் டக்' என்ற அடி ஒரே இடத்திலிருந்து, ஒவ்வொரு சக்கரம் அந்த இடத்தைக் கடக்கும்போதும் வருகிறதா? அப்படியானால் கோளாறு தண்டவாளத்தில், ஜாயிண்டிலோ வெல்டிலோ, தடம் பிரியும் பாயிண்ட்ஸிலோ. அடி ரயிலோடு சேர்ந்தே நகர்ந்து போகிறதா? அப்படியானால் சக்கரத்தில். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுற்றாமல் வழுக்கினால் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகிவிடும், பிளாட் டயர் என்போம். பயணிகள் பெட்டிக்கு 50 மில்லிமீட்டர், சரக்கு வேகனுக்கு 60 மில்லிமீட்டர் வரை தட்டையான நீளத்தை விதி அனுமதிக்கிறது, அதைத் தாண்டினால் சக்கரத்தைக் கடைசலுக்கு அனுப்ப வேண்டும். வேகன் சக்கரத்தின் சுற்றளவு மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் கூட, அதனால் மணிக்கு 40 கிலோமீட்டரில் போனால் ஒரு சக்கரத்திலிருந்தே நொடிக்கு மூன்று நான்கு அடி விழும். அது ஒரு ரயிலோடு போய்விடும், நாளைக்கு வேறு ரயில் வரும். ஆனால் ஜாயிண்ட் எங்கும் போகாது, எல்லா ரயிலுக்கும் அடிக்கும்.

உங்கள் வீட்டுக்கு நேராக சிக்னல் கம்பம் இருக்கிறதா? இருந்தால் அதன் பக்கத்தில் இன்சுலேஷன் ஜாயிண்ட் இருக்க வாய்ப்பு அதிகம், சிக்னல் மின்சுற்றைப் பிரிப்பதற்காக வைப்பது. மற்ற இடங்களில் வெல்டு அடித்து நீளமாக இணைத்த தண்டவாளம் இருந்தாலும் இந்த ஜாயிண்ட் மட்டும் இருக்கும். ஜாயிண்டுக்குக் கீழே ஜல்லி இறுக்கம் போய்விட்டால் தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக்கட்டையான ஸ்லீப்பர் தொங்க ஆரம்பிக்கும், சக்கரம் வரும்போது கீழே போய் ஜல்லியை இடித்துவிட்டு மேலே வரும். மழை பெய்தால் அடியிலுள்ள களிமண் சேறாகி ஜல்லிக்குள் ஏறிவரும். அந்த இடத்தைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கலாம், சுற்றியிருக்கும் ஜல்லி கறுப்பாகவும் பழுப்பாகவும் இருக்க அந்த இரண்டு மூன்று ஸ்லீப்பரைச் சுற்றி மட்டும் வெள்ளைப் பொடி படிந்திருக்கும், கல்லோடு கல் உரசிப் பொடிந்தது அது. மாடியிலிருந்தே பாருங்கள், தயவுசெய்து வேலியைத் தாண்டிப் போகாதீர்கள், உயிருக்கும் ஆபத்து, ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவில் குற்றமும் கூட.

பார்த்தபின் 139க்கோ ரயில் மதத் செயலியிலோ எழுதுங்கள். 'எங்கள் வீடு ஆடுகிறது' என்று எழுதினால் யாருக்கும் எங்கே போய்ப் பார்ப்பது என்று தெரியாது. பக்கத்தில் உள்ள மின்கம்பத்தில் கிலோமீட்டர் எண்ணும் கம்ப எண்ணும் எழுதியிருக்கும், அதைக் குறிப்பிட்டு, எந்த லைன், ஜாயிண்டில் அடி கேட்கிறது, ஜல்லி வெள்ளையாக இருக்கிறது என்று எழுதுங்கள். தினமும் கீமேன் நடந்து பார்க்கும் பாதை அது, இடம் தெரிந்தால் ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லியை இறுக்கிப் பேக்கிங் போடுவது பெரிய வேலை அல்ல. தண்டவாளத்துக்கும் ஸ்லீப்பருக்கும் நடுவில் ஒரு ரப்பர் பேட் இருக்கும், அது நசுங்கிப் போயிருந்தாலும் மாற்றுவார்கள்.

மெட்ரோவில் வேறு கதை. அங்கே கட்டும்போதே தண்டவாளம் பதித்த கான்கிரீட் பலகையை ரப்பரின் மேலோ ஸ்பிரிங்கின் மேலோ மிதக்கவிடும் முறை உண்டு, ஆஸ்பத்திரி, பழைய கட்டடம் இருக்கும் இடங்களில் அப்படிச் செய்வார்கள். ஜல்லிப் பாதையில் ஜல்லிக்கு அடியில் ரப்பர் பாய் விரிக்கலாம், ஸ்லீப்பருக்கு அடியிலேயே பேட் ஒட்டலாம். ஓடிக்கொண்டிருக்கும் பாதையில் அதைச் செய்ய லைனை மூட வேண்டும்.

---

ரயில்தெரு_வாடகை:

நானும் தண்டவாளத்துப் பக்கத்தில்தான் வாடகைக்கு இருக்கிறேன், வியாசர்பாடி. என் கவலை வேறு. சுவரில் மூலைவாட்டில் விரிசல் வந்திருக்கிறது. வீட்டுக்காரர் எல்லாம் ரயிலால் என்கிறார். இந்த அதிர்வில் கட்டடம் விழுந்துவிடுமா? பிள்ளைகளை வைத்துக்கொண்டு பயமாக இருக்கிறது.

---

களிமண்_அலை:

@ரயில்தெரு_வாடகை: பயப்பட வேண்டாம், ஆனால் விரிசலை அலட்சியம் செய்யவும் வேண்டாம். மனித உடம்பு அதிர்வை உணர்வதில் கட்டடத்தைவிட எத்தனையோ மடங்கு கூர்மையானது. பிரிட்டிஷ் தரவிதி பிஎஸ் 5228இன் கணக்கில் நொடிக்கு 0.3 மில்லிமீட்டர் வேகத்தில் தரை அசைந்தாலே வீட்டில் இருப்பவருக்குத் தெரிய ஆரம்பிக்கும், 1 மில்லிமீட்டர் வந்தால் புகார் வரும். கட்டடத்துக்கு ஜெர்மானிய விதி டிஐஎன் 4150 சாதாரணக் குடியிருப்பின் அஸ்திவாரத்தில் வைக்கும் எல்லை, மிகக் குறைந்த அதிர்வெண்ணிலேயே நொடிக்கு 5 மில்லிமீட்டர், அதிர்வெண் கூடக்கூட எல்லையும் கூடும். நலிந்த பழைய கட்டடங்களுக்கு 3. நீங்கள் எரிச்சலாகும் அளவுக்கும் சுவர் கெடும் அளவுக்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது.

வியாசர்பாடிப் பக்கம் களிமண் கோடையில் சுருங்கி மழையில் உப்பும், மூலைவாட்டு விரிசலுக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். ஜன்னல் மூலையிலிருந்து கிளம்பிக் கோடையில் அகலமாகி மழைக்குப் பிறகு மூடிக்கொள்கிறதா என்று பாருங்கள். விரிசலுக்குக் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டை இரண்டு பக்கமும் பிளாஸ்டர் வைத்து ஒட்டித் தேதி எழுதிவையுங்கள். கண்ணாடி உடைந்தால் விரிசல் நகர்கிறது என்று பொருள், அப்போது உடனே ஒரு கட்டடப் பொறியாளரைக் கூப்பிடச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

---

கொரட்டூர்_மாடிவீடு:

எல்லாருக்கும் நன்றி. பள்ளத்தை விட்டுவிட்டேன். ஐயா சொன்ன மாதிரி மாடியில் நின்று கேட்டேன், சிக்னல் கம்பம் ஒன்று கொஞ்சம் தள்ளி இருக்கிறது, பக்கத்து லைனில் அங்கே ஒரே இடத்தில் அடி கேட்கிறது. கம்ப எண்ணோடு எழுதிப் போட்டுவிட்டேன்.

அப்புறம் ஒரு நண்பர் சொன்னதால் போனில் ஃபைஃபாக்ஸ் செயலி போட்டு அளந்து பார்த்தேன். ஜெர்மனியில் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் செய்தது, இலவசம். போனைத் தரையில் டேப்பால் இறுக்கி ஒட்டி, ரயில் கடக்கும்போது பதிவு செய்து, அதிர்வெண் வரைபடத்தைப் பார்த்தேன். மாடி ஹால் நடுவில், கூட்ஸ் போகும்போது 18 ஹெர்ட்ஸில் ஒரே ஒரு உயரமான முனை, மற்ற எல்லாம் அதன் காலடியில். நொடிக்கு நொடி 0.06 மீட்டர் அளவுக்கு முடுக்கம் வருகிறது. கீழ்த்தளத் தரையில் அதே மாதிரி கூட்ஸுக்கு 0.02கூட இல்லை, அந்த 18 முனையும் அங்கே அவ்வளவாக இல்லை. எக்ஸ்பிரஸ் வேகமாகப் போகும்போது மாடியில்கூட அந்த முனை சின்னதாகத்தான் இருக்கிறது. வேகமாகப் போகிற ரயிலைவிட மெதுவாகப் போகிற ரயில் ஏன் அதிகம் ஆட்டுகிறது? எடை மட்டும்தானா?

ஹால் 14 அடிக்கு 16 அடி. ஸ்லாப் 5 அங்குலம் என்று அப்பா சொல்வார். நடுவில் பீம் இல்லை.

---

ஸ்லாப்_கணக்கு:

கட்டமைப்புப் பொறியாளர். உங்கள் கடைசிப் பதிவைப் பார்த்ததும்தான் எழுதத் தோன்றியது, அந்த அளவீடு எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.

உங்கள் பிரச்சினை மண்ணிலும் சுவரிலும் இல்லை, மாடித் தரை ஸ்லாபில் இருக்கிறது. 14க்கு 16 அடி, 5 அங்குல ஸ்லாப், மேலே டைல்ஸ் எடை, நாலு பக்கமும் சுவரில் உட்கார்ந்திருக்கிறது என்று கணக்குப் போட்டால் அதன் இயல்பு அதிர்வெண், அதாவது தட்டிவிட்டால் அது தானாக ஆடும் தாளம், 15 முதல் 20 ஹெர்ட்ஸுக்குள் வரும். நீங்கள் அளந்தது 18. ஊஞ்சலை அதன் தாளத்துக்கே தள்ளினால் சின்னத் தள்ளலுக்கும் பெரிதாக ஆடுமே, அதுதான் இது.

இனி உங்கள் கேள்வி. ஸ்லீப்பர்கள் நம் ரயில் பாதையில் கிலோமீட்டருக்கு 1660, அதாவது ஒன்றுக்கொன்று 60 சென்டிமீட்டர் இடைவெளி. சக்கரம் ஒவ்வொரு ஸ்லீப்பரைக் கடக்கும்போதும் மண்ணில் ஒரு சின்ன அமுக்கல் விழுகிறது. மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் கூட்ஸ் நொடிக்கு 11 மீட்டர் போகும், அதை 0.6ஆல் வகுத்தால் 18.5. உங்கள் ஸ்லாபின் தாளத்திலேயே வந்து விழுகிறது. 110இல் போகும் எக்ஸ்பிரஸுக்கு அதே கணக்கு 51 ஹெர்ட்ஸ், உங்கள் ஸ்லாபுக்கு அது வெகு தூரம். மேலும் கூட்ஸில் ஒரு அச்சுக்கு 20 டன்னுக்கு மேல் எடை, அதுவும் ரயில் நீளமானது, ஸ்லாப் முழு வீச்சில் ஆட நேரம் நிறையக் கிடைக்கிறது. போகி எனப்படும் சக்கரத் தொகுதிகளின் இடைவெளி, ஜாயிண்ட் அடி எல்லாம் சேர்ந்துதான் அதிர்வு வரும், ஆனால் உங்கள் அளவீட்டில் பெரிய பங்கு இதற்குத்தான் என்று நினைக்கிறேன். சிக்னல் கம்பம் பக்கத்தில் இருப்பதால் கூட்ஸ்கள் அங்கே வேகம் குறைந்துதான் போகும், இல்லையா?

18 ஹெர்ட்ஸில் 0.06 முடுக்கம் என்பது வேகத்தில் நொடிக்குச் சுமார் 0.5 மில்லிமீட்டர். கட்டடத்துக்கு ஒரு கேடும் இல்லை, தூங்குபவருக்கு நிச்சயம் தொல்லை. அம்மா சொல்வது முழுக்க உண்மை.

செய்ய வேண்டியதில் காசில்லாதது முதலில். அம்மாவின் கட்டில் இப்போது எங்கே இருக்கிறது? ஹால் நடுவில் என்றால் அதுதான் ஸ்லாப் அதிகமாகத் துள்ளும் இடம். சுவரை ஒட்டி மூலையில் போடுங்கள். ஸ்லாபின் துள்ளல் ஓரத்தை நோக்கிக் குறைந்துகொண்டே போய்ச் சுவரில் ஏறக்குறைய இல்லாமல் போகும், இரண்டு பக்கச் சுவரிலிருந்தும் இரண்டரை அடியில் அது நடுவில் உள்ளதில் நாலில் ஒரு பங்குதான். போனை மூலையில் வைத்து அளந்தால் உங்களுக்கே தெரியும். ஷோகேஸையும் அப்படியே ஓரத்துக்கு நகர்த்தி, கண்ணாடி நகரும் தடத்தில் வெல்வெட் பட்டை ஒட்டிவிடுங்கள்.

கட்டில் கால் ரப்பர் பற்றி மச்சான் சொன்னது முழுக்கத் தவறல்ல, ஆனால் கடையில் கிடைக்கும் கெட்டி ரப்பர் குமிழ் ஒன்றும் செய்யாது. 18 ஹெர்ட்ஸைத் தடுக்க வேண்டுமானால் கட்டில், பேட் இரண்டும் சேர்ந்த இயல்பு அதிர்வெண் 9க்குக் கீழே வர வேண்டும், அதற்கு ஆள் படுத்த எடையில் பேட் குறைந்தது 3 மில்லிமீட்டர் அமுங்க வேண்டும். அதைவிடக் கெட்டியாக இருந்தால் பயனில்லை, ஏறக்குறைய 18இலேயே வந்து உட்கார்ந்தால் நிலைமை மோசமாகும். நல்ல தடிமனான ஃபோம் மெத்தைக்கும் இதே குணம் உண்டு. இலவம்பஞ்சு மெத்தை பழசாகிக் கட்டிதட்டிப் போயிருந்தால் அதை மாற்றினாலே கொஞ்சம் தெரியும்.

அடுத்தது ஸ்லாபையே சரிசெய்வது. கீழ்த்தளக் கூரையில் குறுக்கே ஓர் இரும்பு பீம் கொடுக்கலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். கொடுக்கலாம், ஆனால் 8 அங்குல உயர ஐ பீம் போட்டால் கணக்கில் 18 என்பது 19ஐத் தாண்டாது, அந்த பீமே ஸ்லாபோடு சேர்ந்து ஆடும். 12 அங்குலம் போட்டால்தான் 21 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். அதற்குப் பதிலாகக் கீழ்த்தள ஹாலை இரண்டாகப் பிரிக்கும் எண்ணம் உங்களுக்கு எப்போதாவது இருந்தால் அதுதான் மிகச் சிறந்த வழி. 9 அங்குலச் செங்கல் சுவர், தனி அஸ்திவாரத்தில், மேலே ஸ்லாபோடு இடைவெளி இல்லாமல் சுருங்காத சிமெண்ட் கலவையான கிரௌட் வைத்து இறுக்கி முடிக்க வேண்டும். ஸ்லாப் 16 அடிக்குப் பதில் எட்டெட்டு அடியாகப் பிரிந்துவிடும், இயல்பு அதிர்வெண் இரண்டு மடங்கைத் தாண்டி 40 பக்கம் போய்விடும், கூட்ஸ் 40 கிலோமீட்டரில் போனாலும் ஸ்லாபைத் தொடாது. ஆனால் ஒரு முக்கியமான விஷயம்: நடுவில் புதிதாகத் தாங்கல் கொடுத்தால் அதற்கு நேர்மேலே ஸ்லாபின் மேல்பக்கத்தில் இழுவிசை வரும், உங்கள் பழைய ஸ்லாபில் அந்த இடத்தில் மேல்கம்பி இருக்காது. சொந்த எடையை ஸ்லாப் ஏற்கனவே தாங்கி நிற்பதால் புதிதாக ஏறும் எடைக்கு மட்டும்தான் இது பொருந்தும், பெரும்பாலும் சமாளிக்கலாம், இருந்தாலும் நேரில் ஒரு பொறியாளர் வந்து பார்த்துக் கணக்குப் போடாமல் மேஸ்திரி சொல்கேட்டுச் செய்யாதீர்கள்.

புதிதாக எடுக்கும் தளத்துக்கு: 5 அங்குல ஸ்லாபை 6 ஆக்கினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், தடிமன் கூடும்போது எடையும் கூடுவதால் அதிர்வெண் இருபது சதவீதம் போலத்தான் ஏறும், கான்கிரீட் செலவு மட்டும் கூடும். அறையைச் சின்னதாக்குங்கள், ஸ்லாப் நீளத்தை ஆழமான பீம் வைத்து 10 அடிக்குள் பிரியுங்கள், படுக்கையறையைத் தண்டவாளத்துக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள், ஹாலும் சமையலறையும் பின்பக்கம் இருக்கட்டும். கூடவே அப்ரூவல் விஷயத்தையும் மறக்காதீர்கள், மனை ரயில்வே எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் இருந்தால் ரயில்வேயின் தடையின்மைச் சான்று கேட்பார்கள், அதை வாங்காமல் வேலை ஆரம்பித்தால் நடுவில் நிற்கும்.

கட்டடத்தையே ரப்பர் மேல் தூக்கி நிறுத்தும் முறை இருக்கிறது, லண்டனில் சுரங்க ரயில் நிலையத்துக்கு மேலே 1960களிலேயே ஆல்பனி கோர்ட் என்ற அடுக்ககத்தை அப்படிக் கட்டினார்கள். பெரிய கட்டடங்களுக்கு இன்றும் நல்ல வழி. ஏற்கனவே நிற்கும் வீட்டுக்கு அது ஆகாது.

---

பழைய_பாதைக்காரர்:

பொறியாளர் தம்பி சொன்ன ஸ்லீப்பர் கணக்கு சரியாகவே இருக்கிறது. சிக்னல் கொடுக்கும் வரை கூட்ஸ் அங்கே ஊர்ந்துதான் வரும், அப்புறம் வேகம் எடுக்கும். அம்மாவைக் கீழ்த்தளத்துக்கே மாற்றிவிட்டால் என்ன? கீழ்த்தளத் தரை மண்ணின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது, துள்ளுவதற்கு ஒன்றும் இல்லை, மூட்டு வலிக்காரருக்குப் படி ஏறும் வேலையும் மிச்சம்.

---

கொரட்டூர்_மாடிவீடு:

ஐயா, 2015 வெள்ளத்தில் கீழே முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது, அதிலிருந்து அம்மா கீழே படுக்கவே மாட்டேன் என்கிறார். மழை சத்தம் கேட்டாலே கீழே இருக்கும் பொருளை எல்லாம் மேலே தூக்கச் சொல்கிறார். அவரை வற்புறுத்த மனம் வரவில்லை.

கட்டிலை வடக்கு மூலைக்கு மாற்றிவிட்டோம். போனில் அளந்தேன், மூலையில் அந்த 18 ஹெர்ட்ஸ் முனை நடுவில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. ராத்திரி கூட்ஸ் போனபோது அம்மா புரண்டு படுத்தார், எழுந்து உட்காரவில்லை. இதற்கே உங்கள் எல்லாருக்கும் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

கீழே ஹாலைப் பிரிக்கும் யோசனை வீட்டில் எல்லாருக்கும் பிடித்திருக்கிறது, தம்பி குடும்பத்துக்கு ஓர் அறை வேண்டியிருந்தது. பொறியாளரை வரச் சொல்லியிருக்கிறேன். ஒரே ஒரு சந்தேகம், சுவரை 14 அடி நீளத்துக்கும் முழுசாகக் கட்ட வேண்டுமா, கதவுக்கு 3 அடி விட்டால் பலன் போய்விடுமா?

---

ஸ்லாப்_கணக்கு:

கதவு விடலாம், சுவர் ஓரத்தில் விடுங்கள், நடுவில் வேண்டாம். ஸ்லாப் அதிகம் துள்ளும் நடுப்பகுதிக்குக் கீழே செங்கல் இருக்க வேண்டும். கதவுக்கு மேலே லிண்டல் போட்டு அதன் மேலும் ஸ்லாப் வரை கட்டி முடியுங்கள். சுவர் கட்டியதும் மேல் இடைவெளியை அன்றைக்கே பூசி மூடாமல் சுவர் காய்ந்து சுருங்கட்டும், குறைந்தது இரண்டு வாரம் கழித்து கிரௌட் ஏற்றுங்கள். முன்பே மூடினால் சுவர் சுருங்கியதும் மேலே முடி அளவுக்கு இடைவெளி விழும், ஸ்லாபின் அசைவு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை, அந்த முடி அளவே அதற்குத் தாராளம், சுவர் இருந்தும் இல்லாத மாதிரி ஆகிவிடும். தனி அஸ்திவாரத்தையும் களிமண் மேலேயே உட்கார்த்தாதீர்கள், பழைய அஸ்திவாரம் எந்த ஆழத்தில் நிற்கிறதோ அதே ஆழத்துக்கு இறக்குங்கள். முடிந்ததும் அதே இடத்தில் போனை வைத்து அளந்து இங்கே போடுங்கள், பார்க்க ஆவலாக இருக்கிறேன்.